மலைநாட்டில் 'நோர்மல்' என்று வரும் கொலஸ்ட்ரோல்

இலங்கையில் எத்தனை பேருக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. 2015இல் 18 முதல் 69 வயது வரையானவர்களிடம் நடந்த தேசிய ஆய்வு ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு என்கிறது. 2005–2006இல் வடக்கும் கிழக்கும் தவிர்ந்த ஏழு மாகாணங்களில் நடந்த நீரிழிவு, இருதய நோய் ஆய்வு நால்வரில் மூவருக்கு மேல் என்கிறது. இரண்டும் முறையாக நடந்த ஆய்வுகள்தான். இடைப்பட்ட பத்து வருடத்தில் நாட்டின் நிலைமை அவ்வளவு திருந்திவிடவும் இல்லை. இரண்டும் எண்ணியது வெவ்வேறு விஷயத்தை.

முதல் ஆய்வின் அளவுகோல் மொத்தக் கொலஸ்ட்ரோல். அது ஒரு டெசிலீற்றர் குருதியில் 190 மில்லிகிராமைத் தொட்டவர்களையும் ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களையும் கணக்கில் சேர்த்தது. இரண்டாவது ஆய்வு குருதிக் கொழுப்பின் எல்லாப் பகுதிகளையும் பார்த்தது. மொத்தம், எல்.டி.எல். (குழாய்ச் சுவரில் படியும் 'கெட்ட' கொலஸ்ட்ரோல்), ட்ரைகிளிசரைட்டு (குருதியில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) ஆகிய மூன்றில் ஒன்று கூடியிருந்தாலும், எச்.டி.எல். ('நல்ல' கொலஸ்ட்ரோல்) குறைந்திருந்தாலும் ஒருவரைக் கணக்கில் எடுத்தது. அப்படிப் பார்த்தபோது மிகப் பரவலாகத் தெரிந்த கோளாறு எச்.டி.எல். குறைவுதான். ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரோலை மட்டும் பார்க்கும் ஆய்வில் அந்தப் பாதிப் பேரில் பலர் சுகதேகிகளாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் இலவச மருத்துவ முகாம்களில் பெரும்பாலும் பார்க்கப்படுவது இந்த மொத்தக் கொலஸ்ட்ரோல்தான். விரலில் ஊசி குத்தி ஒரு துளி எடுத்து, கருவியில் 178 என்று வந்தால் "ஒண்ணும் இல்லை, நோர்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நம் மக்களின் உடலமைப்புக்கு அந்தப் பதில் போதாது என்பதுதான் எங்கள் வாதம்.

உலகக் கணக்கும் இதே மயக்கத்தைத் தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் வளர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு மொத்தக் கொலஸ்ட்ரோல் 190ஐத் தாண்டியிருந்தது. ஐரோப்பாவில் அது 54 சதவீதம், அமெரிக்கக் கண்டங்களில் 48, இலங்கையும் இந்தியாவும் அடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் 30, ஆபிரிக்காவில் 23. இதைப் பார்ப்பவர்கள் கொலஸ்ட்ரோல் பணக்கார நாட்டு வருத்தம் என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் 1980இலிருந்து 2018 வரையான போக்கைத் தொகுத்த உலகளாவிய ஆய்வு, மேற்கு நாடுகளில் இந்த அளவு இறங்கிக்கொண்டும் ஆசியாவின் பல நாடுகளில் ஏறிக்கொண்டும் இருப்பதைக் காட்டியது. அந்தப் பட்டியலில் நடுவில் நிற்கும் இலங்கையில் அரச வைத்தியசாலை மரணங்களின் முதற் காரணமாகப் பல வருடங்களாக இருப்பது இதயக் குழாய் அடைப்பு நோய். மொத்தக் கொலஸ்ட்ரோல் நடுத்தரம், மாரடைப்போ முதலிடம். இடைவெளியை நிரப்புவதில் பிரஷர், சீனி வருத்தம், புகையிலை ஆகியவற்றுக்குப் பெரிய பங்குண்டு. மீதியில் ஒரு நல்ல பகுதி, மொத்தம் என்ற ஒற்றை எண் மறைத்துவிடும் கொழுப்பு வகைகளுக்குரியது.

கற்பனையாக இரண்டு ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொள்வோம். தலவாக்கலைப் பக்கம் லொறியில் மூட்டை ஏற்றும் 46 வயது ஆண் ஒருவருக்கு மொத்தம் 188, எச்.டி.எல். 32, ட்ரைகிளிசரைட்டு 260. அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு மொத்தம் 210, எச்.டி.எல். 62, ட்ரைகிளிசரைட்டு 90. முகாமில் பயந்து போவது அந்தப் பெண்தான். அவருடைய எண் வழக்கமான எல்லையான 200ஐத் தாண்டிவிட்டது. ஆனால் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐக் கழித்துப் பாருங்கள். ஆணுக்கு 188இல் 32 போக 156. பெண்ணுக்கு 210இல் 62 போக 148. குழாய்ச் சுவரில் படியக்கூடிய கொழுப்பு கூடுதலாக ஓடுவது 'நோர்மல்' என்று அனுப்பப்பட்ட ஆணின் குருதியில்.

இந்தக் கழித்தலுக்கு 'நொன் எச்.டி.எல்.' என்று பெயர். பல ஆய்வுகூடங்கள் ரிப்போர்ட்டில் இதை அச்சிடுவதில்லை. நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பொதுவாக இது 130க்குக் கீழே இருப்பது நல்லது. மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்களுக்கு 100க்குக் கீழே, முடிந்தால் இன்னும் கீழே கொண்டுவர வேண்டும்.

எல்.டி.எல். ஏன் போதாது என்று கேட்கலாம். சாதாரண ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல். பெரும்பாலும் நேரடியாக அளந்தது அல்ல. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.ஐயும், ட்ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் பெறுவது. மேலே சொன்ன ஆணுக்கு 188 – 32 – 52, ஆக 104. பெண்ணுக்கு 210 – 62 – 18, ஆக 130. இங்கேயும் ஆண் நல்ல நிலையில் இருப்பதுபோலவே தெரிகிறது. ட்ரைகிளிசரைட்டு கூடியவர்களிடம் எல்.டி.எல். துகள்கள் சிறிதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். ஒவ்வொரு துகளும் சுமக்கும் கொலஸ்ட்ரோல் குறைவு என்பதால், துகள்கள் நிறைய இருந்தாலும் எண் சிறிதாகக் காட்டும். குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்குவதைத் தீர்மானிப்பது துகள்களின் எண்ணிக்கை. ட்ரைகிளிசரைட்டு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு அடியோடு பிழைத்துவிடும். அப்போது எல்.டி.எல். இடத்தில் ஏதாவது ஓர் எண் போட்டிருந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைட்டு கூடுதல், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு: இந்த மூன்றும் ஒன்றாக வருவது தெற்காசிய உடல்களில் மிகச் சாதாரணம். "ஒல்லியா இருக்கிற ஆளுக்கு எங்க கொலஸ்ட்ரோல்?" என்று லயத்தில் கேட்பார்கள். தராசைவிட அளவு நாடா நல்ல பதில் சொல்லும். தொப்புள் மட்டத்தில் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆசியர்களுக்கான எல்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் இந்த எல்லையைத் தாண்டியவர்கள் தோட்டங்களில் நிறைய இருக்கிறார்கள். பிறப்பு எடைக்கும் இதில் தொடர்புண்டு. நாட்டில் எடை குறைந்த குழந்தைகள் அதிக விகிதத்தில் பிறப்பது தோட்டத்துறையில்தான். 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைகள் வளர்ந்தபின் தசை குறைந்தும் உள்வயிற்றுக் கொழுப்பு கூடியும் இருக்கும் வாய்ப்பு அதிகம். அவர்களிடம் நீரிழிவும் இதய நோயும் கூடுதலாக வருவதை பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கரின் ஆய்வுகள் முதற்கொண்டு பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருவுற்ற தாய்க்குக் கிடைக்காத சாப்பாட்டின் விளைவு ஐம்பது வருடம் கழித்துப் பிள்ளையின் இதயத்தில் தெரிகிறது. இதை ஒரு தனி மனிதரின் சாப்பாட்டு ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பேசுவது அநியாயம்.

இரத்தம் எடுக்கும்போது

பெறுபேற்றைக் குழப்பும் விஷயங்களில் பாதி, இரத்தம் எடுக்கும் இடத்திலேயே நடக்கிறது.

வெறும் வயிறு பற்றிய பிடிவாதம் தோட்டத்தில் பெரிய தடை. காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போகாமல் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏறி, 12 மணித்தியாலம் பட்டினி கிடந்து இரத்தம் கொடுத்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். அரைப் பேராவது விழுமா என்பதும் தோட்டத்துத் துரையின் மனதைப் பொறுத்தது. அதனாலேயே பலர் போவதில்லை. மொத்தம், எச்.டி.எல்., நொன் எச்.டி.எல். மூன்றுக்கும் பட்டினி தேவையில்லை. சாப்பிட்டபின் எடுத்தால் ட்ரைகிளிசரைட்டு சராசரியாக 25 மில்லிகிராம் அளவில் ஏறும், கணக்கிட்ட எல்.டி.எல். சற்று இறங்கும், அவ்வளவுதான். முதற் பரிசோதனைக்கு எந்த நேரத்திலும் எடுத்த இரத்தம் போதும். அதில் ட்ரைகிளிசரைட்டு 400ஐத் தாண்டியவர்கள் மட்டும் பட்டினியோடு திரும்பவும் எடுக்கட்டும். மாலையில் கொழுந்து நிறுத்தபின் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே இரத்தம் எடுக்க ஒழுங்கு செய்தால் இப்போது வராத பெரும்பாலானோர் வருவார்கள். (சீனிக்கு வெறும் வயிற்றில் பார்க்கச் சொன்னால் அது வேறு. அதற்குப் பட்டினி கிடக்கத்தான் வேண்டும். இடையில் சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால் பட்டினி முறிந்துவிடும்.)

விரலில் குத்தும் கருவிகளுக்குக் குளிர் ஆகாது. ஒவ்வொரு கருவிக்கும் அது வேலை செய்யும் ஆகக் குறைந்த வெப்பநிலை பெட்டியில் உள்ள தாளில் எழுதியிருக்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை மாதக் காலையில் திறந்த மண்டபத்தில் முகாம் வைத்தால் அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த விரலில் இரத்தம் வராமல் பிதுக்கிப் பிதுக்கி எடுக்கும்போது இழைய நீரும் கலந்து எண் குறைந்து காட்டும். கையை இளஞ்சூட்டு நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுக்க வேண்டும். தேயிலைச் சாயமும் ஹேண்ட் கிறீமும் ஒட்டிய விரலில் எடுத்த எண்ணை நம்ப முடியாது.

நரம்பில் எடுக்கும்போது, கையில் கட்டும் பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் கொலஸ்ட்ரோல் கூடிக் காட்டும். படுத்துக்கொண்டு கொடுத்தால் குறைந்து காட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து கொடுப்பதே சரி. காய்ச்சல், சத்திரசிகிச்சை, மாரடைப்பு ஆகியவற்றுக்குப் பின் சில வாரங்களுக்கு எல்.டி.எல். செயற்கையாக இறங்கியிருக்கும். மாரடைப்பு வந்தவருக்கு முதல் 24 மணித்தியாலத்துக்குள் எடுத்த எண்ணே பொருள்படும். கர்ப்ப காலத்தில் எல்லாமே ஏறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஆளிடம் ஒரே மாதத்தில் இரண்டு தரம் எடுத்தாலும் 5 – 6 சதவீத வித்தியாசம் இயல்பாகவே வரும். ஆகவே 198 வந்தவர் தப்பிவிட்டார் என்றோ 206 வந்தவர் நோயாளி என்றோ சொல்வதற்கு இடமில்லை.

அலகையும் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் மில்லிமோல் கணக்கில் தருகின்றன. 5.2 என்று வந்ததைப் பார்த்து "வெறும் அஞ்சுதானே" என்று நினைத்துவிடக் கூடாது. கொலஸ்ட்ரோலுக்கு 38.67ஆல் பெருக்கினால் 201 வரும். ட்ரைகிளிசரைட்டுக்கு 88.6ஆல் பெருக்க வேண்டும்.

எண் மிகவும் கூடியிருந்தால் மாத்திரைக்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். தைரொயிட் சுரப்பி மந்தமாக இருப்பது எல்.டி.எல். ஏறுவதற்கு ஒரு சாதாரணக் காரணம், பெண்களில் அதிகம். களைப்பு, மலச்சிக்கல், எடை ஏறுதல், மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குளிருதல் ஆகியன இருந்தால் தைரொயிட்டைப் பார்க்கும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை அவசியம். மலைநாட்டில் குளிருதென்று சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை, அதனால் தவறிவிடுகிறது. சிறுநீரில் புரதம் போவது, கட்டுப்படாத சீனி, நீண்டகால ஸ்டீரொயிட் மாத்திரை ஆகியனவும் காரணங்கள். ட்ரைகிளிசரைட்டு மட்டும் 500, 600 என்று நின்றால் முதலில் கேட்க வேண்டியது சாராயம், கசிப்பு பற்றி. அந்த அளவில் இதயத்துக்கு முன் கணையத்துக்கே ஆபத்து.

எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்து, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்னரோ, அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்கு முன்னரோ மாரடைப்பு வந்திருந்தால் அது பரம்பரைக் கொலஸ்ட்ரோலாக இருக்கலாம். உலகில் ஏறத்தாழ 250 – 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. குதிக்காலுக்கு மேலுள்ள தடித்த நாணில் கட்டி, 45 வயதுக்கு முன்னரே கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம் ஆகியன அடையாளங்கள். இவர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது போகும் என்பதால் வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும்.

தேங்காய், கோதுமை மா, சீனி

"தேங்காய் நம்ம சாப்பாடு, அது ஒண்ணும் செய்யாது" என்பாரும் உண்டு, தேங்காயை அடியோடு விடச் சொல்வாரும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தேங்காயில் 300 கிராம் துருவல் வருகிறது என்று வைத்தால், அதில் ஏறத்தாழ 100 கிராம் கொழுப்பு, அதில் 90 கிராம் நிறைகொழுப்பு. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு அந்த ஒரு தேங்காயும் சம்பலாக முழுவதும் வயிற்றுக்குள் போனால் ஆளுக்கு 18 கிராம். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நிறைகொழுப்பின் எல்லை 22 கிராம் அளவு. ஆக, அந்த ஒரு தேங்காயோடு நாள் முடிந்தால் கணக்கு உள்ளே நிற்கிறது. அதன்மேல் தேங்காய் எண்ணெயில் பொரித்தது (ஒரு மேசைக்கரண்டி 12 கிராம்), மாஜரீன் பூசிய பாண், பால்மாத் தேத்தண்ணி என்று சேரும்போதுதான் தாண்டுகிறது. பாமாயிலுக்கு மாறினாலும் அதன் பாதி நிறைகொழுப்புத்தான். எங்கள் ஆலோசனை: தேங்காயை உணவாக வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெயாகக் குறையுங்கள். கறிக்கு இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் ஊற்றி, முதற்பாலைக் குறையுங்கள். பால் விட்ட கறியும் சம்பலும் ஒரே வேளையில் வேண்டாம்.

முட்டையை விடத் தேவையில்லை. ஒரு முட்டையில் நிறைகொழுப்பு ஒன்றரைக் கிராம் அளவுதான். கொலஸ்ட்ரோல் என்ற பெயருக்குப் பயந்து, வீட்டிலிருக்கும் மலிவான புரதத்தை நிறுத்திவிட்டு ரொட்டியை ஒன்று கூட்டிக்கொள்வது நட்டம்.

ட்ரைகிளிசரைட்டை ஏற்றுவதும் எச்.டி.எல்.ஐ இறக்குவதும் இந்த மாவும் சீனியும்தான். காலை ரொட்டி, இரவும் ரொட்டி, பகலில் வெள்ளைச் சோறு, இடையில் பிளேன்டீ. ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி வீதம் ஐந்து கோப்பை குடித்தால் 60 கிராமுக்குக் கிட்டச் சீனி. உலக சுகாதார நிறுவனத்தின் மேல் எல்லை 50, விரும்பத்தக்கது 25. ஒரே நாளில் நிறுத்தினால் யாரும் தாங்கமாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் அரைக் கரண்டி குறையுங்கள். சீனியையும் சாராயத்தையும் குறைத்தவர்களுக்கு ட்ரைகிளிசரைட்டு சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும்.

கூட்ட வேண்டியது பருப்பும் கடலையும் கௌபியும். ஒரு நாளைக்கு 130 கிராம் வேகவைத்த பருப்பு வகை எல்.டி.எல்.ஐ 5 சதவீதம் அளவில் குறைக்கும். உலர்ந்த நிறையில் அது 50 கிராமுக்குக் கிட்ட. ரொட்டி மாவில் கால்பங்குக்குக் கடலை மா கலக்கலாம். தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டாமல் குடிக்கும் கோப்பி எல்.டி.எல்.ஐ ஏற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு மாத்திரை

சுகாதார அமைச்சு 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. வயது, பால், புகைத்தல், பிரஷர், சீனி, மொத்தக் கொலஸ்ட்ரோல் ஆறையும் நிறம் தீட்டிய அட்டவணையில் வைத்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பைக் கணிக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் அந்த அட்டவணையோடு உலக சுகாதார நிறுவனம் தந்த ஓர் எச்சரிக்கையை யாரும் வாசிப்பதில்லை. ஏற்கெனவே பிரஷருக்கு மருந்து எடுப்பவர், மாதவிடாய் சீக்கிரம் நின்ற பெண், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர், ட்ரைகிளிசரைட்டு 180க்கு மேல் உள்ளவர், எச்.டி.எல். 40க்கு (பெண்ணுக்கு 50க்கு) கீழ் உள்ளவர், வறுமையில் வாழ்பவர் ஆகியோரின் உண்மையான ஆபத்து அட்டவணை காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்கிறது அது. தோட்டத்தில் வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் இதற்குள் அடங்குவார்கள் என்று பாருங்கள். பச்சை நிறக் கட்டத்தில் விழுந்தாலும் இதில் ஒன்றிரண்டு பொருந்தினால் வைத்தியரிடம் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாரடைப்பு, பாரிசவாதம் வந்தவர்களுக்கும், 40 வயது தாண்டிய நீரிழிவுக்காரருக்கும், மொத்தம் 320ஐத் தாண்டியவர்களுக்கும் அட்டவணையே வேண்டாம், நேரடியாக ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் மாத்திரை வகை). எல்.டி.எல். ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறைந்தால் பெரிய மாரடைப்பும் பாரிசவாதமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பெரும் எண்ணிக்கையானோரிடம் நடந்த சோதனைகளின் முடிவு.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது. மாத்திரையால்தான் இறங்கியது, நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே வரும். தொடங்கி 6 முதல் 12 வாரத்துக்குள் திரும்ப ஒரு தரம் பார்த்து, போதுமான அளவு இறங்காவிட்டால் அளவைக் கூட்டுவார்கள். அளவை இரட்டிப்பாக்கினால் மேலும் 6 சதவீதம் அளவில்தான் இறங்கும், ஆகவே பூண்டையும் வெந்தயத்தையும் நம்பி அரை மாத்திரை எடுப்பதைவிட, தொடக்கத்திலேயே சரியான அளவை ஒழுங்காக எடுப்பது முக்கியம். சிம்வாஸ்டாட்டின் இரவில் எடுக்க வேண்டும். அட்டோவாஸ்டாட்டினும் ரொசுவாஸ்டாட்டினும் எந்த நேரமும் எடுக்கலாம். கர்ப்பம் எதிர்பார்க்கும் பெண்கள் முன்னரே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

தசை நோவு வந்தால் உடனே மாத்திரையில் பழி போடாதீர்கள். கூடை சுமப்பவருக்குத் தோளிலும் கெண்டைக்காலிலும் நோவு எப்படியும் இருக்கும். மருந்தால் வருவது பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி, தொடையிலும் இடுப்பைச் சுற்றியும், தொடங்கிய சில வாரங்களுக்குள் வரும். சந்தேகமிருந்தால் வைத்தியரின் சொற்படி இரண்டு வாரம் நிறுத்தி, நோவு போகிறதா என்று பார்த்து, வேறொரு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தொடங்கலாம். சிறுநீர் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் போனால் மட்டும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிரஷருக்கு அம்லோடிப்பின் எடுப்பவர் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தரும்போது சிம்வாஸ்டாட்டினைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். இரண்டு இடத்தில் மருந்து எடுப்பவர்கள் இரண்டு இடத்துக்கும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோவது இதற்காகத்தான்.

கிளினிக்கில் மாத்திரை முடிந்து வெளியே வாங்கச் சொன்னால், வர்த்தகப் பெயரைக் கேட்காமல் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிக் கேளுங்கள். அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலை பெரும்பாலும் குறைவு. அட்டோவாஸ்டாட்டின் 10, சிம்வாஸ்டாட்டின் 20, ரொசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் ஆகியன கிட்டத்தட்ட ஒரே பலன் தருபவை. ஒன்று இல்லாவிட்டால் மற்றதை எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்கலாம். புதியதை வாங்கி வந்ததும் வீட்டில் மீந்திருக்கும் பழைய அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டு ஸ்டாட்டினையும் ஒன்றாக விழுங்கிவிட்டுத் தசை நோவோடு வருபவர்கள் உண்டு.